சமுதாயக் கல்லூரியில் வரலாறு: ஒரு தந்தையின் வாக்குமூலம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்கில் ஓரிடம் தருகிறோம் என்றுதான் விழாக் குழுவினர் என்னை அன்புடன் அழைத்தார்கள். கவிதைக்குப் பதிலாகச் சிறிது நேரம் பேச இசைவு தாருங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். இந்த அவையில் நான் சொல்லாமல் மறைத்த உண்மை ஒன்று ஆறு ஆண்டுகளாக என் கணக்கில் பாக்கி நிற்கிறது. இந்த நன்னாளில் அந்தக் கடனைத் தீர்த்துவிட விரும்புகிறேன்.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதக் கூட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அன்று நான் ‘ஆயிரம் கலங்கள்’ என்ற தலைப்பில் இராசேந்திர சோழனின் கடற்படையைப் பாடினேன். கைதட்டல் நிறையவே கிடைத்தது. கவியரங்கம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், “உங்கள் பெண் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாளே, எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்டார். “இன்னும் முடிவாகவில்லை” என்றேன். அது பொய். முடிவாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில் உள்ள சமுதாயக் கல்லூரியில், வரலாறு படிக்க, அவள் பெயரைப் பதிந்திருந்தாள்.

எண்ணிப் பாருங்கள். மேடையில் நின்று வரலாற்றைப் பாடி மாலை வாங்கியவன், மேடையை விட்டு இறங்கியதும் வரலாறு படிக்கப் போகிற மகளை மறைத்தான். அந்த ஆண்டு முழுவதும், இந்த வட்டத்தில் யார் கேட்டாலும் ஏதேனும் ஒரு சொல்லால் மழுப்பிக்கொண்டே இருந்தேன்.

எனக்கு இருந்த வெட்கம் இரண்டு வகை. முதலாவது, பாடத்தைப் பற்றியது. நான் வளர்ந்த ஊரில், வேறு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காதவர்கள் சேருகிற பாடம் என்றே வரலாற்றை நினைத்தார்கள். நான் பொறியியல் படித்துக் கணிப்பொறித் துறையில் வேலை தேடி இங்கே வந்தவன். என் வற்புறுத்தலால்தான் மகள் கணிப்பொறி அறிவியலுக்கு விண்ணப்பித்தாள். நாங்கள் விரும்பிய பல்கலைக்கழகங்கள் அனைத்தும் மறுத்துவிட்டன. தொலைவில் இருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகம் இடம் தந்தது. அதன் கட்டணத்தைப் பார்த்து நாங்கள் இருவருமே பேச்சற்றுப் போனோம். அப்போது அவள் சொன்னாள்: “அப்பா, அது நான் கேட்ட படிப்பே இல்லை. எனக்கு வரலாறு வேண்டும். அதை இங்கேயே தொடங்குகிறேன்.”

இரண்டாவது வெட்கம், கல்லூரியைப் பற்றியது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றால் அதில் என்ன பெருமை இருக்க முடியும் என்பது என் எண்ணம். தேர்வு, தரவரிசை, வடிகட்டல் இவற்றாலேயே கல்வியை அளந்து பழகியவர்கள் நாம். கதவு திறந்திருக்கிறது என்பதையே ஒரு குறையாக எண்ணினேன். அந்தக் கதவு எப்படித் திறந்தது என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை. வரலாற்று மாணவியின் தந்தைக்கு எழுந்திருக்க வேண்டிய முதற்கேள்வி அதுதான். பின்னாளில் தேடித் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றோடு சேர்த்து, கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளையும் கற்பிக்கும் ஏற்பாடு தொடங்கியது. மாணவர்கள் ஆறு பேர். வீட்டை விட்டு வெளியூர் செல்ல இயலாத பிள்ளைகள் உள்ளூரில் இரண்டு ஆண்டுகள் பயின்றபின் பல்கலைக்கழகம் செல்லட்டும் என்பதே நோக்கம். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் இதற்குத் துணைநின்றார். கலிபோர்னியாவில் 1907இல் இதற்கான சட்டம் வந்தது. 1910இல் பிரெஸ்னோ நகரில் முதல் இளநிலைக் கல்லூரி பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள், 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவித்தொகையோடு கல்லூரிகளை நாடி வந்தார்கள். அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947இல் அளித்த அறிக்கை, இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் நிறுவ வேண்டும் என்றது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவியது அதற்குப் பின்னர்தான்.

1960இல் கலிபோர்னியா உயர்கல்விக்கென ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதை முன்னின்று உருவாக்கினார். பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதி உடையவர்கள். மற்ற எவரும் சமுதாயக் கல்லூரியில் சேரலாம். இங்கேதான் நான் கவனிக்கத் தவறிய நுட்பம் இருக்கிறது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் நன்கு பயின்றவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குள் நேராக நுழையலாம் என்றும், அவர்களுக்கு இடம் இருக்கும்படி மேல்வகுப்புகளைப் பெரிதாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதே திட்டம் விதித்தது. பதினேழு வயதில் ஒருவருக்கு வழங்கிய தீர்ப்பு இறுதித் தீர்ப்பாகிவிடக் கூடாது என்பதே அதன் பொருள். இரண்டாம் வாய்ப்பு என்பதைக் கருணையாக வைக்காமல் திட்டமாக எழுதிவைத்தார்கள்.

1984 வரை இக்கல்லூரிகளில் மாநிலத்தவருக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது. 2012 முதல் பாட அலகு ஒன்றுக்கு 46 டாலர். ஆண்டுக்கு முப்பது அலகு என்றால் 1,380 டாலர். அதையும் தள்ளுபடி செய்யும் ஏற்பாடுகள் பல உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலோ ஆண்டுக் கட்டணம் மட்டும் பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல். இன்று 116 கல்லூரிகள் கொண்ட இந்த அமைப்பு, நாட்டிலேயே மிகப் பெரிய உயர்கல்வி அமைப்பாக விளங்குகிறது. என் மகள் ஒதுக்குப்புறமான ஒரு கொல்லைக் கதவு வழியே நுழைகிறாள் என்று நினைத்தேன். இந்த மாநிலத்தவர் மிகப் பலர் கல்விக்குள் நுழைகிற தலைவாசல் அதுதான் என்பதை அறியாதிருந்தேன்.

ஆனால் இந்தச் செய்திகளால் என் மனம் மாறிவிடவில்லை. மனம் மாறியது வேறு விதமாக.

2020 மார்ச் மாதம் பெருந்தொற்று வந்தது. கல்லூரி மூடப்பட்டு வகுப்புகள் கணிப்பொறித் திரைக்கு இடம்பெயர்ந்தன. அவள் எங்கள் உணவு மேசையில் அமர்ந்து வகுப்பைக் கேட்டாள். அடுத்த அறையில் அமர்ந்து நான் அலுவலக வேலை பார்த்தேன். கதவு மெல்லியது. வேண்டாம் என்றாலும் காதில் விழும். வாரம் இரு முறை மாலையில் அமெரிக்க வரலாற்று வகுப்பு. அதன் ஆசிரியை முனைவர் பட்டம் பெற்றவர், பகுதிநேர ஊழியர். மூன்று கல்லூரிகளில் பாடம் நடத்தி, பெருந்தொற்றுக்கு முன்வரை நெடுஞ்சாலையிலேயே பாதி நாளைக் கழித்தவர். முப்பது பேர் கொண்ட அந்த வகுப்பில் ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் அரசர்களின் ஆண்டுகளை அடுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்ததோ வேறு. ஒரு பழைய ஆவணத்தைத் திரையில் காட்டுவார். பிறகு கேட்பார்: இதை எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எழுதும்போது அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? இதில் யாருடைய குரல் இல்லை? மாணவர் எவரேனும் “எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்” என்று சொன்னால் போதும், உடனே, “எல்லாரும் என்றால் யார், யார்? எங்கே சான்று?” என்பார்.

அவ்வாறு ஒரு மாலை நான் கேட்ட பாடத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் 1918இல் அமெரிக்கப் படையில் சேர்ந்து பணியாற்றியவர். குடியுரிமை கேட்டு அவர் நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1923இல் தீர்ப்பு வந்தது: பொதுமக்களின் வழக்கமான புரிதலில் இந்தியர் வெள்ளையர் அல்லர்; ஆகவே குடியுரிமை பெறத் தகுதி அற்றவர். ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த இந்தியர் பலருடைய உரிமையும் அதன்பின் பறிக்கப்பட்டது. 1946இல்தான் இந்தியர் குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் வந்தது. அப்போதும் ஆண்டுக்கு நூறு பேருக்குத்தான் குடியேற இடம். பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும், குடிமகனாவதற்கு 1949 வரை காத்திருந்த தலீப் சிங் சவுந்த், 1956இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடு பார்த்து ஒதுக்கும் பழைய முறையை நீக்கி நம்மைப் போன்றோர் பெருமளவில் வர வழி செய்தது 1965ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் நிறைவேறிய சூழலைக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உருவாக்கியது.

நண்பர்களே, அப்போது நான் இந்த நாட்டின் குடிமகனாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. குடியுரிமைத் தேர்வுக்காக நூறு கேள்விகளை மனப்பாடம் செய்து விடை சொன்னவன் நான். என் படிப்பும் உழைப்பும்தான் என்னை இங்கே கொண்டுவந்தன என்று நம்பியிருந்தேன். எனக்கு முன்னே வந்து கதவைத் தட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி, என் வீட்டு உணவு மேசையில், ஒரு சமுதாயக் கல்லூரி வகுப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த மாலை அலுவலக வேலை ஓடவில்லை.

சில நாள் கழித்து மகள் என் ‘ஆயிரம் கலங்கள்’ கவிதையை எடுத்துக்கொண்டு வந்தாள். வார விடுமுறைத் தமிழ்ப் பள்ளியில் பயின்றவள், மெதுவாகத்தான் படிப்பாள். படித்துவிட்டு, “அழகாக இருக்கிறது, அப்பா. ஆயிரம் என்பது எந்தச் சான்றில் இருக்கிறது?” என்று கேட்டாள். குற்றம் காண்கிற குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குச் சினம் வந்தது. “கவிதைக்குச் சான்று கேட்பார்களா?” என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

இரவில் தூக்கம் வரவில்லை. கல்வெட்டுத் தொகுதிகளைத் தேடி எடுத்தேன். 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பைப் பற்றி இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பேசுகிறது; தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் அதைக் காணலாம். கடலில் பல கலங்களைச் செலுத்தியதாகத்தான் அது சொல்கிறது. எண்ணிக்கை சொல்லவில்லை. ஆயிரம் என்பது நான் போட்ட கணக்கு. மன்னனைப் புகழ்வதற்கென்றே எழுதிய புலவர், கல்லில் வெட்டப் போகும் சொல் என்பதாலோ என்னவோ, ‘பல’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஆயிரம் ஆண்டு கழித்து, யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிவில், நான் எண்ணிச் சொல்லிவிட்டேன்.

கவிஞருக்குக் கற்பனை உரிமை இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். உண்டு. அதை விட்டுக்கொடுக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் எது சான்று, எது என் கற்பனை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தெரிந்து மிகைப்படுத்துவது கவிதையின் உரிமை. தெரியாமல் மிகைப்படுத்தி, அதையே வரலாறு என்று பிள்ளைகளிடம் சொல்வது வேறு. நான் செய்துவந்தது இரண்டாவது.

மறுநாள் காலை அவளிடம் போய், “சான்று இல்லை, பல என்றுதான் இருக்கிறது” என்றேன். அவள் சிரித்து, “பல என்பதும் நன்றாகத்தான் இருக்கிறது” என்றாள். அந்த ஆண்டு ஆகஸ்டில், ஐம்பத்திரண்டாம் வயதில், அதே கல்லூரியின் மாலை வகுப்பில் உலக வரலாறு என்ற ஒரு பாடத்துக்கு நானும் பதிந்துகொண்டேன். பட்டத்துக்காக அல்ல. கேள்வி கேட்கப் பழகுவதற்காக.

அந்த வகுப்பில் என்னோடு படித்தவர்களை இங்கே நினைவுகூர வேண்டும். படையிலிருந்து விலகி வந்த இளைஞர் ஒருவர். இரண்டு குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு வகுப்பில் சேருகிற தாய் ஒருவர். ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர். சரக்குக் கிடங்கில் இரவுப் பணி செய்த இளைஞர் ஒருவர். அந்தக் கிடங்குத் தொழிலாளிதான் எங்களுள் மிகக் கூர்மையானவர். கட்டாய உழைப்பைப் பற்றிய ஒரு பழைய ஒப்பந்தத்தை ஆசிரியர் காட்டியபோது, நாங்கள் எல்லாரும் அதன் சொற்களைப் பார்த்தோம். அவர் மட்டும், வேலை நேரம் அதில் எங்குமே குறிக்கப்படவில்லை என்றார். உழைத்தவருக்குத்தான் அது கண்ணில் படும். ஒரு நாள் அவருடைய பெயர் திரையிலிருந்து மறைந்தது. பணி நேரம் மாறிவிட்டதாம். பிறகு அவர் வரவே இல்லை.

ஆகையால் திறந்த கதவின் புகழை மட்டும் பாடிவிட்டு நான் அமர்ந்தால் அதுவும் ஒரு ‘ஆயிரம் கலங்கள்’ ஆகிவிடும். கலிபோர்னிய மாநிலத் தணிக்கையாளர் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். 2017 முதல் 2019 வரையான ஆண்டுகளில், பல்கலைக்கழகத்துக்கு மாறும் நோக்கத்தோடு சமுதாயக் கல்லூரியில் தொடங்கியவர்களுள், நான்கு ஆண்டுகளுக்குள் மாறியவர் ஐவரில் ஏறத்தாழ ஒருவரே. என் மகள் அந்த ஒருவர். கிடங்கில் உழைத்தவர் மற்ற நால்வருள் ஒருவர். அவர்களிடையே அறிவில் வேறுபாடு இருந்ததாக நான் கருதவில்லை. அவளுக்கு வாடகை கொடுக்க ஒரு தந்தை இருந்தான் என்பதே வேறுபாடு.

மாறுவதற்கான வழியும் எளிதன்று. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை ‘அசிஸ்ட்’ என்னும் பொதுப் பட்டியலில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால், அறுபது அலகு கொண்ட மாறுதல் பட்டம் என்று ஒன்றை வகுத்தார்கள். அதைப் பெற்றவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. வரலாற்றுக்கு என்றால் அமெரிக்க வரலாறு இரண்டு பாடம், உலக வரலாறோ மேலை நாகரிக வரலாறோ இரண்டு பாடம், அவற்றோடு இன்னும் சில. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், உரிய மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால் இடம் தருவதாக முன்கூட்டியே உறுதி அளிக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ வளாகங்கள் அளிப்பதில்லை. அந்த உறுதிக்கு செப்டம்பரில் ஒரு விண்ணப்பம். முறையான சேர்க்கைக்கு நவம்பர் இறுதிக்குள் மற்றொன்று. ஒரு பாடத்தைத் தவறாகத் தேர்ந்தால் ஒரு பருவம் வீணாகும். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தாள். வீட்டுக் கணக்கு எழுதிய என் தாயாரின் கையெழுத்து நோட்டு எனக்கு நினைவுக்கு வந்தது.

2021 இலையுதிர் காலத்தில் அவள் டேவிஸ் வளாகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்ந்தாள். முதல் இரண்டு மாதம் தடுமாறினாள். கல்லூரியில் பருவம் நிதானமாக நகர்ந்தது. அங்கே பத்தே வாரத்தில் பாடம் முடிந்துவிடும். மற்றவர்கள் இரண்டு ஆண்டு நட்போடு இருந்தார்கள், இவள் புதியவள். ஓர் இரவு தொலைபேசியில், “நான் இங்கே பொருந்தவில்லையோ, அப்பா?” என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல், “எங்கே சான்று?” என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு சிரிப்புக் கேட்டது. டிசம்பரில் மதிப்பெண்கள் வந்தபோது, ஆவணத்தைப் படித்து எழுதும் கட்டுரைகளில் அவள் யாருக்கும் குறைந்தவளாக இல்லை. உணவு மேசையில் கற்றது கைகொடுத்தது.

இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவு. 1910 முதல் 1940 வரை அங்கே குடியேற்ற நிலையம் ஒன்று இருந்தது. சீனர்களையும், பஞ்சாபியர் உள்ளிட்ட தென்னாசியர்களையும், மற்றும் பல நாட்டவரையும் அங்கே தடுத்து வைத்து விசாரித்தார்கள். அந்த விசாரணைக் கோப்புகள் சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவளை அங்கே காரில் அழைத்துச் சென்றவன் நான். பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டும். பழுப்பேறிய தாளில் தட்டச்சு செய்த கேள்வியும் விடையும். கையில் எவ்வளவு பணம்? எங்கே வேலை செய்வாய்? உன்னை யாருக்குத் தெரியும்? விடை சொன்னவர் பேசியது ஒரு மொழி. மொழிபெயர்த்தவர் சொன்னது ஒன்று. தட்டச்சு செய்தவர் எழுதியது ஒன்று. அடியில் ஒரு கைந்நாட்டு. அது ஒன்றுதான் முழுக்க அவருடையது.

பின்னர் டிபுரானிலிருந்து படகேறி அந்தத் தீவுக்கும் போனோம். கவிஞர் பெருமக்களே, உங்களிடம் இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். அந்தத் தங்குமிடத்தின் மரச்சுவர்களில் சீனக் கைதிகள் கவிதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலான கவிதைகளில் பெயர் இல்லை. அதிகாரிகள் அவற்றை மக்குப் பூசி நிரப்பி, மேலே வண்ணம் அடித்தார்கள். அழிக்கப் பூசிய பூச்சே அவற்றைக் காத்தது. 1970இல், இடிக்கவிருந்த அந்தக் கட்டடத்துக்குள் சென்ற அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் சுவரில் எழுத்துகளைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். இருநூறுக்கு மேற்பட்ட கவிதைகள் பதிவாயின. கட்டடம் தப்பியது, 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. கைதியின் வாயிலிருந்து நேராக வந்த சொல், கோப்பில் இருப்பதை விடச் சுவரில்தான் மிகுதி என்று என் மகள் தன் கட்டுரையில் எழுதினாள். கவிதைக்குச் சான்று கேட்பார்களா என்று சினந்தேனே, அங்கே கவிதையே சான்றாக நின்றது.

அந்தக் கவிதைகளைத் திரட்டி, மொழிபெயர்த்து, 1980இல் நூலாக்கிய மூவருள் ஒருவர் ஹிம் மார்க் லாய். அவரே சான் பிரான்சிஸ்கோவின் இளநிலைக் கல்லூரியில் பயின்று, பின் பெர்க்லிக்கு மாறியவர். தொழிலால் இயந்திரப் பொறியாளர். அலுவலக வேலைக்குப் பிந்திய நேரங்களில் சீன அமெரிக்கரின் வரலாற்றைத் தேடித் தேடி எழுதி, அத்துறையின் முன்னோடியாக மதிக்கப்பட்டவர். பகலில் பொறியியல், இரவில் தம் மக்களின் வரலாறு. இந்த அவையில் அமர்ந்திருக்கும் நம்மில் பாதிப் பேருக்கு அந்த முதற்பாதி பொருந்தும். இரண்டாம் பாதியைத் தொடங்கத் தடையாக இருப்பது எது?

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். இந்த மலருக்காக மகளிடம் உதவி கேட்டேன். 2023இல் பட்டம் பெற்று, இப்போது பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். அவள் கேட்ட முதற்கேள்வி: “உங்கள் வட்டத்தின் முதற்கூட்டம் எந்த நாளில் நடந்தது? எத்தனை பேர் வந்தார்கள்?” நான் நிறுவனர்கள் மூவரைக் கேட்டேன். ஒருவர் ஏழு பேர் என்றார். ஒருவர் பதினொருவர் என்றார். மூன்றாமவர் நூலகத்தின் கூட்ட அறை நிறைந்திருந்தது என்றார். நாளிலும் ஒருமித்த கருத்து இல்லை. குறிப்பேடு எழுதவில்லை. பத்தே ஆண்டில் நம் வட்டத்துக்கு ‘ஆயிரம் கலங்கள்’ தோன்றத் தொடங்கிவிட்டன. ஈராயிரம் ஆண்டுத் தொன்மையை மேடைதோறும் முழங்கும் நாம், நம் பத்து ஆண்டுகளுக்குச் சான்று வைக்கவில்லை.

ஆதலால் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது: இன்று முதல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குறிப்பேடு எழுதுவோம். நாள், இடம், வந்தவர் பெயர், படித்த கவிதை, எழுந்த மறுப்பு. மறுப்பையும் எழுத வேண்டும். பழைய அழைப்பிதழ்கள், ஒலிப்பதிவுகள், கையெழுத்துப் படிகள் யாரிடம் இருந்தாலும் தாருங்கள். அவற்றை வரிசைப்படுத்தும் பணியை நான் ஏற்கிறேன். மகள் வழிகாட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். பேனா கொண்டுவர வேண்டாம் என்பது அவள் விதித்த முதல் நிபந்தனை.

இரண்டாவது: வரும் ஜூன் மாதத்திலும் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் பள்ளி முடிப்பார்கள். தேநீர் வேளையில் அவர்களுடைய பெற்றோரைச் சந்திப்போம். அப்போது “எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். என்ன படிக்க விரும்புகிறாள், எதைத் தேடுகிறாள் என்று கேட்போம். யாரேனும் ஒரு தந்தை “சமுதாயக் கல்லூரியில் வரலாறு” என்று சொன்னால், அவர் குரல் தாழாமல் சொல்லும்படி நம் முகம் இருக்கட்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட நண்பர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, அன்று நான் தவறான விடை சொன்னேன். திருத்திக்கொள்கிறேன். என் மகள் சமுதாயக் கல்லூரியில் வரலாறு படித்தாள். ஒரு பருவம் நானும் படித்தேன்.